வேலையிடத்தில் சேர்ந்து உழைக்கக் குழுப் பயிற்சிகள்: மொரீஷியஸ் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எபேன் அலுவலகங்கள், கடற்கரை ஓட்டல்கள், போர்ட் லூயி கிடங்குகள், கோயில் சங்கங்கள் என்று பல இடங்களில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறும் இடத்தில்தான் ஒத்துழைப்பு பெரும்பாலும் அறுந்துபோகிறது. பயிற்சியும் அந்த இடத்தைக் குறிவைத்துத்தான் அமைய வேண்டும்.

எல்லோரையும் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரைக்கு அழைத்துப் போய், பிரியாணி சாப்பிட்டு, பந்து விளையாடி வந்தால் போதாதா?

தாராளமாகப் போய் வாருங்கள். முகம் மட்டும் தெரிந்தவர்களின் பெயரும் குணமும் தெரியவரும், அதுவும் நல்லதே. ஆனால் திங்கட்கிழமை காலையில் பில் தாமதமாவதோ, இரவு ஷிப்ட் சொன்ன சேதி பகல் ஷிப்டுக்கு வந்து சேராததோ அதனால் மாறாது.

கேமரன் கிளைன், எட்வர்டோ சாலஸ் முதலிய ஆய்வாளர்கள் இத்துறையில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குழுப் பயிற்சிகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: இலக்கை வகுப்பது, யார் பொறுப்பு எது என்று தெளிவாக்குவது, சேர்ந்து சிக்கலைத் தீர்ப்பது, உறவை வளர்ப்பது. நான்குமே ஓரளவு பலன் தருகின்றன. அவற்றில் முன்னே நிற்பவை இலக்கும் பொறுப்பும். நம் ஊரில் 'டீம் பில்டிங்' என்றாலே நான்காவது வகை மட்டும் நினைவுக்கு வருகிறது. மற்ற மூன்றுக்கு கடற்கரை தேவையில்லை. ஒரு அறையும் கொஞ்சம் காகிதமும் போதும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

விளையாட்டைத் தேடுவதற்கு முன் கைமாறும் இடங்களை வரைந்து பாருங்கள். முப்பது நிமிட வேலை. ஆளுக்கு ஐந்து ஒட்டுத்தாள்களும் ஒரு தடித்த பேனாவும் கொடுங்கள். ஒவ்வொரு தாளிலும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: யாரிடமிருந்து எனக்கு என்ன வருகிறது, எந்த நிலையில் வந்தால் நான் உடனே வேலையைத் தொடங்க முடியும், உண்மையில் எந்த நிலையில் வருகிறது. எழுதி முடிக்கும்வரை பேச்சு கூடாது. பிறகு தாள்களைச் சுவரில் ஒட்டி, தருபவர் பெயரிலிருந்து பெறுபவர் பெயருக்கு ஒரு கோடு இழுங்கள். எந்தக் கோட்டின் மேல் தாள்கள் குவிகின்றனவோ, உங்கள் பயிற்சிக்கான பொருள் அதுதான்.

ஓட்டலை எடுத்துக்கொள்வோம். வரவேற்பு மேசையிலிருந்து பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு சீட்டு போகிறது: '214 – ஏசி'. சீட்டில் இருப்பது இவ்வளவுதான். பராமரிப்பு ஆள் மேலே போய்ப் பார்க்கிறார். குளிர்காற்று நன்றாக வருகிறது. 'சரியாக இருக்கிறது' என்று எழுதிவிட்டு இறங்கிவிடுகிறார். உண்மையில் ஏசியிலிருந்து தலையணைப் பக்கம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அது இரவில் மட்டும் சொட்டும். மறுநாள் விருந்தினர் மீண்டும் புகார் சொல்ல, இரு பிரிவுகளும் ஒன்றையொன்று குறை சொல்கின்றன.

அதே சீட்டு இப்படி இருந்திருக்கலாம்: '214. ஏசியிலிருந்து கட்டிலின் தலைமாட்டில் தண்ணீர் சொட்டுகிறது, இரவில் மட்டும். விருந்தினர் மாலை 4 மணிக்குத் திரும்புவார். முடியாவிட்டால் 3:30-க்குள் எனக்குச் சொல்லுங்கள், அறை மாற்றித் தருகிறேன்.' இருவருக்கும் நடுவே மனவருத்தம் எதுவும் இல்லை, சீட்டில்தான் குறை. இரு பிரிவினரையும் உட்கார வைத்து, கடந்த மாதச் சீட்டுகளில் பத்தை எடுத்து, இப்படித் திருத்தி எழுதச் சொல்வதே அருமையான குழுப் பயிற்சி. முதல் ஐந்தைப் பராமரிப்புக்காரர்கள் எழுதட்டும், அடுத்த ஐந்தை வரவேற்பு மேசைக்காரர்கள் எழுதட்டும். இடம் மாறி எழுதும்போதுதான் மற்றவருக்கு எது தேவை என்பது கண்ணில் படும்.

ஒரு குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

ஐந்து அல்லது ஆறு பேர். எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன், கயிறு இழுப்பதில் இதை அளந்து 1913-இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் தரும் பலம் குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது, தனியே இழுத்த பலத்தில் பாதியளவே ஒவ்வொருவரிடமிருந்தும் வந்தது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம், 'மற்றவர் இழுப்பார்' என்ற எண்ணம் இன்னொரு காரணம்.

24 பேர் இருந்தால் நான்கு குழுக்களாகப் பிரியுங்கள், இரண்டு குழுவுக்கு ஒருவர் வீதம் நடத்துபவர் இருக்கட்டும். பிரிக்கும்போது தினமும் சேர்ந்து சாப்பிடுபவர்களை ஒரே குழுவில் போடாதீர்கள். கைமாறும் கோட்டின் இரு முனைகளிலும் இருப்பவர்களை ஒரே குழுவில் சேருங்கள்.

அலுவலகத்துக்குள்ளேயே செய்யக்கூடிய நல்ல பயிற்சி ஒன்றைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

சிதறிய தகவல் பயிற்சியைச் சொல்வோம். காரோல்ட் ஸ்டாசர், வில்லியம் டைடஸ் என்ற உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து வந்தது. கூட்டங்களில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே மக்கள் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேசைக்கு வருவது அரிது என்பது அதன் முடிவு.

நான்கு பேருக்கு இப்படித் தயார் செய்யுங்கள். ஆண்டு விழாவுக்கு 'அ', 'ஆ' என்று இரண்டு மண்டபங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'அ' மண்டபத்துக்கு 3 நிறை, 4 குறை எழுதிக்கொள்ளுங்கள். 'ஆ' மண்டபத்துக்கு 6 நிறை, 2 குறை. முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 'ஆ'தான் சிறந்தது என்பதில் சந்தேகமே இருக்கக் கூடாது. இப்போது நான்கு தாள்களிலும் 'அ'வின் 3 நிறைகளையும், 'ஆ'வின் 2 குறைகளையும், 'ஆ'வின் நிறைகளில் இரண்டையும் போடுங்கள். மிச்சமிருக்கும் 'அ'வின் 4 குறைகளையும் 'ஆ'வின் 4 நிறைகளையும் தாளுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொருவர் கண்ணுக்கும் 'அ' என்பது 3 நிறை 1 குறை, 'ஆ' என்பது 3 நிறை 2 குறை. தனியே படிப்பவருக்கு 'அ'தான் நல்லதாகத் தெரியும்.

படிக்க மூன்று நிமிடம். பிறகு தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். பேசி முடிவெடுக்கப் பன்னிரண்டு நிமிடம். தாளைக் காட்டக் கூடாது, வாயால் எதையும் சொல்லலாம். எல்லோர் தாளும் ஒன்றா என்று யாராவது கேட்டால், 'உங்களிடம் இருப்பதை வைத்து முடிவெடுங்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போவது மூன்று இடங்களில். எடுத்தவுடனே 'கை தூக்குங்கள், யாருக்கு எது?' என்று வாக்கெடுப்பு நடந்தால் எல்லோரும் 'அ' என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். குழுவில் மேலாளர் இருந்து அவர் முதலில் பேசினால், மற்றவர்கள் அதற்கு ஒத்துப்போகும் தகவலைத்தான் சொல்வார்கள். நடத்துபவர் குறைகளை மிக லேசாக எழுதிவிட்டால் ('கொஞ்சம் தூரம்' என்பதுபோல்) எந்த மண்டபம் சிறந்தது என்பதே வாதமாகிவிடும். ஆகவே 'ஜெனரேட்டர் இல்லை', '60 பேருக்குத்தான் இடம், நாம் 90 பேர்' என்று கறாராக எழுதுங்கள்.

முடிந்ததும் 15 தகவல்களையும் பலகையில் எழுதிக் காட்டுங்கள். எவை பேச்சில் வந்தன, எவை வரவில்லை என்று அவர்களே குறி போடட்டும். அடுத்த கேள்விதான் முக்கியம்: 'நம் வாரக் கூட்டத்தில் யாரிடம் மட்டும் இருக்கும் தகவல் வெளியே வராமலே போகிறது?' பெரும்பாலும் ஓட்டுநர், கிடங்கு ஆள், தொலைபேசி எடுப்பவர் ஆகியோரின் பெயர்கள் வரும். அடுத்த கூட்டத்தில் அவர்களிடம் முதலில் கேட்பது என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

உட்கார்ந்தே இருந்தால் சலிப்பாக இருக்கும். உடலை அசைக்கும் பயிற்சி ஏதாவது உண்டா?

குச்சி இறக்கும் பயிற்சி எளிது, ஆபத்தும் இல்லை. ஏறக்குறைய 3 மீட்டர் நீளமுள்ள, மின்கம்பி செல்லும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று வேண்டும். மூங்கில் வேண்டாம், அதன் எடையே அதைக் கீழே இறக்கிவிடும். எட்டுப் பேர், நான்கு நான்காக எதிரெதிரே நின்று ஆட்காட்டி விரலை நெஞ்சு உயரத்தில் நீட்டட்டும். விரல்களின் மேல் குழாயை வையுங்கள். இரண்டே விதிகள்: யாருடைய விரலும் குழாயிலிருந்து விலகக் கூடாது, குழாயைத் தரையில் இறக்கி வைக்க வேண்டும்.

இறங்க வேண்டிய குழாய் மேலே ஏறும். விரல் விலகிவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் மயிரிழை அளவு மேலே தள்ளுகிறார்கள். எட்டு மயிரிழை சேர்ந்தால் குழாயின் எடையை விட அதிகமாகிவிடுகிறது. பத்து வினாடிக்குள் 'யார் தூக்குறது? இறக்குங்கள்!' என்ற சத்தம் கேட்கும். அந்த வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் விதியைச் சரியாகப் பின்பற்றியதால்தான் குழாய் ஏறியது என்று பிறகு விளக்கும்போது அந்தக் குறிப்பு கை கொடுக்கும். தத்தம் பிரிவின் விதியை ஒழுங்காகப் பின்பற்றியே மொத்த வேலையும் தாமதமாகும் அலுவலகங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

தீர்வு: ஒருவர் எண்ண, எல்லோரும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விரற்கடை இறக்குவது. முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் தரைவரை போக வேண்டாம், இடுப்பளவு உயரமுள்ள மேசை போதும்.

ஸ்பகெட்டிக் கோபுரம் பற்றி எல்லோரும் சொல்கிறார்களே?

நல்ல பயிற்சிதான். பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கியது, டாம் வூஜெக் 2010-இல் ஆற்றிய உரைக்குப் பிறகு உலகமெல்லாம் பரவியது. வேகவைக்காத 20 ஸ்பகெட்டி, 90 செ.மீ. ஒட்டுநாடா, அதே அளவு நூல், ஒரு மார்ஷ்மெலோ (மெத்தென்ற சர்க்கரை மிட்டாய்), 18 நிமிடம். தானாக நிற்கும் கோபுரம் கட்டி, உச்சியில் மார்ஷ்மெலோவை வைக்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் கடைசி நிமிடத்தில்தான் அதை உச்சியில் வைப்பார்கள், கோபுரம் சாயும். ஆரம்பத்திலேயே சின்னதாகக் கட்டி எடையை வைத்துப் பார்த்தவர்கள் தப்பிப்பார்கள்.

இங்கே ஒரு திருத்தம் தேவை. கடையில் கிடைக்கும் மார்ஷ்மெலோவில் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டு ஜெலட்டின் இருக்கும். விரதம் இருக்கும் தமிழரும் முஸ்லிம் சகாக்களும் அதைத் தொடத் தயங்கலாம், அதைச் சொல்லவும் கூசலாம். 7 கிராம் களிமண் உருண்டை அதே எடைக்குச் சரியாக வரும். உணவுப் பொருளை வீணாக்க மனம் வராதவர்கள் ஸ்பகெட்டிக்குப் பதில் தென்னை ஈர்க்குச்சியை 25 செ.மீ. அளவுக்கு நறுக்கிக்கொள்ளலாம். ஈர்க்கு ஒடியாது, வளையும். அதனால் முக்கோணமாகக் கட்டாவிட்டால் நிற்காது, நேரத்தை 22 நிமிடமாக்குங்கள்.

பயிற்சி முடிந்தபின் பேசுவது அவ்வளவு அவசியமா? நேரமே இருப்பதில்லை.

நேரம் இல்லையென்றால் விளையாட்டைக் குறையுங்கள், பேச்சைக் குறைக்காதீர்கள். இருபது நிமிடப் பயிற்சிக்கு முப்பது நிமிடப் பேச்சு என்பது எங்கள் கணக்கு. ஸ்காட் டானன்பாம், கிறிஸ்டோஃபர் செரசோலி இருவரும் 2013-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, வேலை முடிந்தபின் முறையாக உட்கார்ந்து அலசும் குழுக்களின் செயல்திறன், அப்படி அலசாதவர்களை விட சராசரியாக ஏறக்குறைய 25 சதவீதம் மேம்படுகிறது. விளையாட்டு எதுவும் இல்லாமலேயே, அலசல் மட்டுமே தரும் பலன் அது.

அமெரிக்க இராணுவம் 1970-களில் உருவாக்கிய நான்கு கேள்விகள் இன்றும் போதும். என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? உண்மையில் என்ன நடந்தது? ஏன் அப்படி ஆனது? அடுத்த முறை எதை அப்படியே வைத்துக்கொள்வோம், எதை மாற்றுவோம்?

இரண்டாவது கேள்விக்கு நேரம் கொடுங்கள். நம்மவர்கள் உடனே மூன்றாவதுக்குத் தாவி 'அவர் அவசரப்பட்டார்' என்று ஆளின் குணத்தைச் சொல்வார்கள். 'எந்த நிமிடத்தில், எதைச் செய்தபோது?' என்று திருப்பிக் கேளுங்கள். குணத்திலிருந்து நிகழ்ச்சிக்குப் பேச்சு திரும்பிவிடும். கடைசிக் கேள்விக்கு வரும் பதில் ஒரு வரியாக, ஒரு பெயரோடும் ஒரு தேதியோடும் எழுதப்பட வேண்டும். 'தகவல் தொடர்பை மேம்படுத்துவோம்' என்று எழுதினால் எதுவும் நடக்காது. 'திங்கள் முதல், கிடங்குச் சீட்டில் லாரி எண்ணும் புறப்படும் நேரமும் இல்லாமல் வாங்க மாட்டோம்' என்று எழுதினால் நடக்கும்.

எங்கள் அலுவலகத்தில் கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் எல்லாம் கலந்து ஓடுகிறது. எந்த மொழியில் நடத்துவது?

வாய்ப்பேச்சுக்குக் கிரியோல், எழுத்துக்கு எல்லோரும் படிக்கக்கூடிய மொழி என்பது பெரும்பாலான இடங்களில் சரிவரும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குக் கிரியோல் பழக ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை அவர்கள் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வார்கள், மற்றவர்கள் தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று நினைப்பார்கள். தமிழில் பேசத் தடை போட வேண்டாம். ஒவ்வொரு குழுவிலும் இரு மொழி தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, 'இப்போது சொன்னது என்ன?' என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற விதியைத் தொடக்கத்திலேயே அறிவியுங்கள். விதிகளை வாயால் சொன்னதோடு விடாமல், சுவரில் படமாகவும் வரைந்து ஒட்டுங்கள்.

பாதிப் பேருக்குத் தெரியாத மொழியில் சொல்விளையாட்டு, வேகப் பேச்சு, மேடை நகைச்சுவை வேண்டாம். மொழி தெரியாதவர் மந்தமானவர் போல அங்கே தெரிவார். அந்த எண்ணம் வேலையிலும் ஒட்டிக்கொள்ளும்.

மேலாளர் கலந்துகொள்ளலாமா?

கலந்துகொள்ளட்டும், ஆனால் கடைசியில் பேசட்டும். ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களிலேயே அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகள் அதிகம் நடந்தன என்று அதற்குப் பொருளில்லை, சொல்லப் பயம் இல்லாததால் வெளியே வந்தன. வயதுக்கும் பதவிக்கும் மரியாதை தருவது நம் வழக்கம். 'சார்' என்றோ 'அண்ணே' என்றோ அழைக்கும் ஒருவர் முன்னால், அவர் சொன்னதை மறுத்துப் பேச இளையவருக்கு வாய் வராது. மரியாதையைக் கைவிடச் சொல்ல வேண்டியதில்லை, வழியை மாற்றினால் போதும். முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் எழுதட்டும், நடத்துபவர் பெயர் சொல்லாமல் படிக்கட்டும். யோசனைகளைச் சேர்ந்து கூவுவதைவிடத் தனித்தனியே எழுதினால் எண்ணிக்கையிலும் அதிகம் கிடைக்கும் என்பது 1987-லேயே மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே ஆய்வில் தெரிந்த விஷயம்.

வெளியே போவதாகவே முடிவு செய்துவிட்டோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நாள். நவம்பரிலிருந்து மே நடுப்பகுதிவரை புயல் காலம். வெட்டவெளி நிகழ்ச்சிக்கு ஜூன் முதல் அக்டோபர்வரை நல்லது, ஆனால் ஜூன், ஜூலையில் மாலை ஆறுக்குள் இருட்டிவிடும். மூன்று மணிக்கெல்லாம் பயிற்சிகளை முடித்துவிடுங்கள். தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதம், மகா சிவராத்திரிக்கு கங்கா தலாவுக்கு மக்கள் நடந்து போகும் நாட்கள், ரமலான் மாதம் ஆகியவற்றைத் தவிருங்கள். புரட்டாசியில் பலர் அசைவம் தொடமாட்டார்கள்.

சாப்பாட்டில் மரக்கறி உணவுக்குத் தனிக் கரண்டி, தனி மேசை வையுங்கள். ஒரே கரண்டியால் இரண்டையும் பரிமாறினால் விரதக்காரர் ஒன்றும் சொல்லாமல் பட்டினி கிடப்பார். தால் பூரி எல்லோருக்கும் ஒத்துவரும், ஆளுக்கு இரண்டு ஜோடி கணக்கிடலாம். மது வேண்டாம். குடிக்காதவர்கள் நான்கு மணிக்கே கிளம்பிவிடுவார்கள், அதற்குப் பிறகு பேசப்படுவது அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

வெயில் நாளில் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர். 20 பேருக்கு மூன்று மணி நேரத்துக்கு 30 லிட்டர், கைவசம் இன்னும் 10. சவுக்கு மர நிழல் உள்ள இடமாகப் பாருங்கள். பொதுக் கடற்கரையில் கூடாரமோ ஒலிபெருக்கியோ வைப்பதானால் பீச் அத்தாரிட்டியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கடலில் இறங்கும் எதையும் பயிற்சியாக வைக்காதீர்கள், நீந்தத் தெரியாததை எல்லோர் முன்னிலும் ஒப்புக்கொள்ள யாரும் விரும்புவதில்லை.

வருவது கட்டாயம் என்றால் அது வேலைதான். தொழிலாளர் உரிமைச் சட்டம் 2019 சாதாரண வேலை நேரத்தை வாரத்துக்கு 45 மணி என்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் கட்டாயமாகக் கூப்பிட்டுவிட்டு அதை 'விடுமுறைக் கொண்டாட்டம்' என்று சொன்னால், சேர்ந்து இருப்பதன் மேலேயே மனக்கசப்பு வரும். வேலை நாளில் வையுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்து விழுவது, பிறர் பிடிப்பது, இதை வைக்கலாமா?

வேண்டாம். பிடிக்கத் தவறினால் முதுகெலும்பில் அடிபடலாம். பெண்களைத் தொட்டுப் பிடிக்கும் சங்கடம் வேறு. நேரத்துக்கு வேலையை முடித்துக் கொடுப்பவர்மேல் நம்பிக்கை தானாக வரும், அதை விழுந்து வளர்க்க முடியாது.

கோயில் சங்கத் தொண்டர்களுக்கு இவை பொருந்துமா? அங்கே சம்பளமும் இல்லை, மேலாளரும் இல்லை.

அங்கேதான் பொறுப்பைத் தெளிவாக்கும் பயிற்சி மிகவும் தேவை. காவடி நாளில் சாலைப் போக்குவரத்து, தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், முதலுதவி, செருப்பு வைக்கும் இடம் எல்லாம் ஒரே காலையில் நடக்கின்றன. 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்ற ஒரு வேலைதான் கடைசியில் யாராலும் பார்க்கப்படாமல் கிடக்கும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பெரிய தாளில் அதிகாலை நான்கு மணி முதல் மாலைவரை மணிவாரியாக ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள். ஒவ்வொருவரும் இரண்டு நிறப் பேனாவோடு வரட்டும். 'இது என் வேலை' என்று நினைப்பதற்கு நீலப் புள்ளி, 'இது இன்னாருடைய வேலை' என்று நினைப்பதற்குச் சிவப்பில் அவர் பெயர். மூன்று நீலப் புள்ளி விழுந்த இடத்தில் மூன்று பேர் மோதிக்கொள்வார்கள். நீலமே இல்லாமல் சிவப்புப் பெயர் மட்டும் உள்ள இடத்தில் அன்று ஆளே இருக்க மாட்டார். இந்த இரண்டு வகைகளை மட்டும் பேசி முடியுங்கள், மற்றவை ஏற்கெனவே சரியாக இருக்கின்றன. ஏழு கறி சமைக்கும் சமையற்கட்டு, இலை போடும் பந்தி, பாத்திரம் கழுவும் இடம் ஆகியவற்றுக்கு நடுவே வெறுமனே சேதி சொல்ல மட்டும் இரண்டு இளைஞர்களை நிறுத்துங்கள். சாதம் தீரும் செய்தி பதினைந்து நிமிடம் முன்னதாக அடுப்புக்குப் போனாலே பந்தி நிற்காது.

சென்னையிலும் பாரிஸிலும் சகாக்கள் இருக்கிறார்கள். திரை வழியாக என்ன செய்யலாம்?

நேரத்தை முதலில் பாருங்கள். சென்னை நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே, பாரிஸ் கோடையில் இரண்டு மணி, குளிர்காலத்தில் மூன்று மணி நேரம் பின்னே. நமக்குப் பிற்பகல் ஒரு மணி என்றால் சென்னையில் இரண்டரை, பாரிஸில் பத்து அல்லது பதினொன்று. மூவருக்கும் வசதியான நேரம் இதைச் சுற்றித்தான் இருக்கிறது.

குரல் வழி வரைதல் நன்றாக வேலை செய்யும். இருவர் இருவராகப் பிரியட்டும். ஒருவரிடம் ஏழெட்டு வடிவங்கள் கொண்ட ஒரு படம். அவர் கேமராவை அணைத்துவிட்டுச் சொல்லச் சொல்ல, மற்றவர் தாளில் வரைய வேண்டும். முதல் சுற்று ஐந்து நிமிடம், வரைபவர் கேள்வி கேட்கக் கூடாது. இரண்டாம் சுற்றில் வேறு படம், கேள்வி கேட்கலாம். இரண்டு படங்களையும் மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்னஞ்சலில் வேலையை அனுப்பிவிட்டு 'புரிந்திருக்கும்' என்று இருப்பதன் விலை, விளக்கமே இல்லாமல் தெரிந்துவிடும்.

பயிற்சியின்போது சண்டை வந்துவிட்டால்?

குரல் உயர்ந்தால் பயப்பட வேண்டாம். உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-லேயே எழுதியதுபோல, புதிய குழு ஒன்றுகூடியபின் உரசல் கட்டத்தைத் தாண்டித்தான் ஒழுங்குக்கு வரும். வேலையைப் பற்றிய சண்டையாக இருந்தால் பலகையில் இருபக்க வாதத்தையும் எழுதி, இரு தரப்பும் எதிர்த்தரப்பின் வாதத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஆளைப் பற்றிய இழிசொல் வந்தால் உடனே பத்து நிமிடம் தேநீருக்கு விட்டு, இருவரையும் தனித்தனியே பாருங்கள்.

சம்பளப் பாக்கி, மேலாளரின் கொடுமை, ஆட்குறைப்பு வதந்தி ஆகியவை நிலவும் இடத்தில் குழுப் பயிற்சியே நடத்தாதீர்கள். முதலில் அதைத் தீர்க்க வேண்டும். வயிற்றில் நெருப்போடு இருப்பவரைக் கோபுரம் கட்டச் சொல்வது அவரை அவமதிப்பதாகும்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்?

'நிகழ்ச்சி பிடித்ததா?' என்று தாள் கொடுத்தால் எல்லோரும் பிடித்தது என்றுதான் எழுதுவார்கள். கைமாறும் இடத்தை எண்ணுங்கள். திருப்பி அனுப்பப்பட்ட சீட்டுகள், 'இது என்ன?' என்று கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகள், இரண்டாம் முறை செய்த வேலைகள் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, பயிற்சிக்கு முன் நான்கு வாரமும் பின் நான்கு வாரமும் ஒரே தாளில் கோடு போட்டு வாருங்கள். தாள் அந்த மேசையிலேயே தொங்கட்டும், கோடு போடுபவர் சீட்டைப் பெறுபவராக இருக்கட்டும். எண்ணிக்கை குறையவில்லை என்றால், பயிற்சியின் முடிவில் எழுதிய அந்த ஒற்றை வரி செயலுக்கு வந்ததா என்று முதலில் பாருங்கள். வந்தும் குறையவில்லை என்றால், தொடக்கத்தில் சுவரில் இழுத்த கைமாறும் கோட்டைத் தவறாக வரைந்திருக்கிறீர்கள், ஒட்டுத்தாள்களை மீண்டும் எடுங்கள்.

வருடத்துக்கு எத்தனை முறை நடத்துவது?

பெரிய நாள் ஒன்று போதும். மாதம் ஒருமுறை 45 நிமிடம், ஒரே ஒரு கைமாறும் இடத்தை எடுத்துக்கொண்டு அலசுங்கள். வேலைக்குப் புதிதாக ஒருவர் வந்தால் அடுத்த மாதத்துக்குக் காத்திருக்காமல், அந்த வாரமே அவரையும் அவருக்கு வேலை தருபவரையும் அவரிடமிருந்து பெறுபவரையும் அரை மணி நேரம் ஒன்றாக உட்கார வையுங்கள்.